வியாழனும் வெள்ளியும் வராதவர்கள்: முதுநிலை சமூகப்பணிக் களப்பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் மாநகராட்சி தென் தமிழகத்தில் இருக்கிறது. அதன் பெயரையும் தொண்டு நிறுவனம், கல்லூரி ஆகியவற்றின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். களப்பயிற்சி மாணவிக்கும், வண்டியைப் பறிகொடுத்த கீரைக்கார அம்மாவுக்கும், வியாபாரிகளின் சார்பில் பேசிய பூக்கார அம்மாவுக்கும் இதை வாசித்துக்காட்டி, அவர்கள் நீக்கச் சொன்ன இரண்டு செய்திகளை நீக்கிய பின்பே வெளியிடுகிறேன். மாணவிக்குக் கல்லூரித் தரப்பில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். எனவே இதில் சொல்லப்படும் தவறுகளில் ஒரு பங்கு என்னுடையது.

முதுநிலை சமூகப்பணிப் படிப்பு இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள் கொண்டது. வாரத்தில் இரண்டு நாள் களப்பயிற்சி என்பது பெரும்பாலான கல்லூரிகளின் வழக்கம். எங்கள் துறையில் அவை வியாழனும் வெள்ளியும். மாணவர் எழுதித் தரும் அறிக்கையை வைத்துக்கொண்டு ஆசிரியர் வாரம் ஒருமுறை தனியே உட்கார்ந்து பேசுவார். அதை 'ஐ.சி.' என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள். சமூகப்பணியின் ஆறு முறைகளாகத் தனிநபர்ப் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம், சமூகநல நிர்வாகம், சமூகப்பணி ஆராய்ச்சி, சமூகச் செயல்பாடு ஆகியவற்றைக் கற்பிக்கிறோம். கொள்கை மாற்றத்துக்கும் உரிமைப் பரிந்துரைக்கும் அடித்தளமான சமூகச் செயல்பாடு இந்த வரிசையில் கடைசியில் இருக்கிறது. பருவத்தின் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக நடத்தி முடிக்கப்படுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் மாணவர்களின் விருப்பம் மாறிவிட்டது. பத்தாண்டுகளுக்கு முன்பு மருத்துவமனை, மனிதவளத் துறை, தொண்டு நிறுவனம் ஆகிய மூன்றைத் தவிர வேறு வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இப்போது தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான சட்டமியற்றல் உதவியாளர் திட்டம், கொள்கை ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றை விசாரிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டின் மாணவர் தொகுதியிலும் நாலைந்து பேராவது இருக்கிறார்கள். இந்த மாணவியும் அவர்களில் ஒருவர். சமுதாய மேம்பாட்டைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்; மூன்றாம் பருவக் களப்பயிற்சிக்குச் சாலையோரப் பெண் வியாபாரிகளிடையே வேலை செய்யும் ஒரு சிறிய அறக்கட்டளையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் மூன்று வாரங்களில் கண்டவை

ஜூலை முதல் வாரத்தில் பயிற்சி தொடங்கியது. பழைய பேருந்து நிலையத்திலிருந்து காய்கறிச் சந்தைக்குப் போகும் சாலையின் இருபுறமும் தள்ளுவண்டிகளும், சாக்கு விரித்த தரைக்கடைகளும், பூக்கடைகளும் இருந்தன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக மழைநீர் வடிகாலை முடித்தாக வேண்டும் என்பதால் அந்தச் சாலையில் பள்ளம் தோண்டும் பணி தொடங்கவிருந்தது. மூன்று நாளில் இடத்தைக் காலி செய்யும்படி மாநகராட்சிப் பணியாளர்கள் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் காலையில் ஆறு வண்டிகள் லாரியில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டன. கீரைக்கார அம்மாவின் வண்டி அவற்றில் ஒன்று. அதிலிருந்த அரைக்கீரையும் முளைக்கீரையும் வெயிலில் கிடந்து, மாலைக்குள் எதற்கும் உதவாமல் போயின.

மூன்றாம் வார இறுதியில் மாணவி கொடுத்த அறிக்கை பதினான்கு பக்கம். தனிநபர்ப் பணிக்கு அதை ஒரு மாதிரி அறிக்கையாகவே காட்டலாம். அந்த அம்மா பத்தாயிரம் ரூபாய்த் தண்டலுக்குக் கையெழுத்துப் போட்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் வாங்கி, நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டிவருவது, வண்டி போன பிறகு தண்டல்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பது, மகளின் பிரசவச் செலவு, கணவரின் குடி எல்லாம் அதில் இருந்தன. சாலையோர வியாபாரிகளுக்குக் கடன் தர 2020இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதித் திட்டத்தில் முதல் கடனாகப் பத்தாயிரம் ரூபாய் கிடைத்திருக்கும் என்றும், அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ இல்லாததால் அது கிடைக்கவில்லை என்றும்கூடச் சரியாகக் குறித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் குடும்ப ஆலோசனை, சுயஉதவிக் குழுவில் சேர்த்தல், மாற்றுத் தொழில் பயிற்சி என மூன்று பரிந்துரைகள்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால், 'உத்தரவு எங்கே?' என்று எழுதினேன். வண்டியை எடுத்தவர் யார், எந்த அதிகாரத்தில் எடுத்தார், எழுத்தில் ஏதாவது கொடுத்தாரா, எடுத்த பொருளுக்குப் பட்டியல் உண்டா என்பவை பதினான்கு பக்கத்திலும் இல்லை. ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை இவ்வளவு நுட்பமாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு, அந்தக் கஷ்டத்தை உண்டாக்கிய காகிதத்தைத் தேட வேண்டும் என்று தோன்றவில்லை. இதில் மாணவியைக் குறை சொல்லிப் பயனில்லை. முதல் ஆண்டு முழுவதும் மனிதரைப் பார்க்கத்தான் பழக்கியிருந்தோம். அலுவலகத்தைப் பார்க்கப் பழக்கவில்லை.

சட்டத்தை வாசித்த வாரம்

அடுத்த ஐ.சி.க்கு 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டத்தை முழுமையாக வாசித்துவிட்டு வரச் சொன்னேன். ஒன்றியச் சட்டமான இது, 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கிலும் 1989இல் சோதன் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் பேசிய வாழ்வாதார, வியாபார உரிமைகளின் வழியிலும், 2004, 2009ஆம் ஆண்டுகளின் தேசியக் கொள்கைகளின் வழியிலும் வியாபாரிகளின் அமைப்புகள் நெடுங்காலம் அழுத்தம் கொடுத்துப் பெற்றது. 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மாணவி தம் நோட்டில் எடுத்து எழுதிய பிரிவுகள் ஐந்து. சாலையோர வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் விற்பனைச் சான்றிதழ் தரும்வரை எவரையும் அகற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்கிறது பிரிவு 3. சாலையோர விற்பனை பற்றி உள்ளாட்சிக்குப் பரிந்துரைக்கும் நகர விற்பனைக் குழுவின் பரிந்துரையும் முப்பது நாள் முன்னறிவிப்பும் இல்லாமல் இடமாற்றம் கூடாது என்கிறது பிரிவு 18. பொருளைக் கைப்பற்றினால் பட்டியல் தர வேண்டும், அழுகும் பொருளை உரியவர் கேட்ட அன்றைக்கே விடுவிக்க வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் விடுவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. குறைதீர்ப்புக் குழுவைப் பற்றியது பிரிவு 20. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது விழுக்காட்டு இடம் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகளுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்கிறது பிரிவு 22.

இந்த வாசிப்புக்குப் பிறகு மாணவியின் அறிக்கையில் மொழி மாறியது. 'வண்டி பறிபோன பெண்' என்று எழுதியவர், 'பிரிவு 19இன்படி பட்டியல் தரப்படாமல் கைப்பற்றப்பட்ட வண்டியின் உரிமையாளர்' என்று எழுதத் தொடங்கினார். அதில் எனக்கு மகிழ்ச்சியும் இருந்தது, கொஞ்சம் கவலையும் இருந்தது. சட்டத்தின் மொழியைப் புதிதாகக் கற்றவர்கள் ஒரு பருவம் முழுக்க அதிலேயே பேசுவார்கள்.

ரசீதுகள்

சட்டப்படி கேட்க வேண்டுமானால், இவர்கள் அங்கே எத்தனை ஆண்டாக விற்கிறார்கள் என்பதற்குச் சான்று வேண்டும். வாங்குவோரும் விற்போரும் வழக்கமாகக் கூடும் இடத்தை 'இயற்கைச் சந்தை' என்று சட்டம் ஏற்கிறது. அதைக் காட்டக் காகிதம் தேவை. அறக்கட்டளை ஒருங்கிணைப்பாளர் புகைப்படங்களைத் தேடினார். மாணவி கடைகடையாகப் போய் உட்கார்ந்து பேசினார்.

விடை பூக்கார அம்மாவின் மடியில் இருந்தது. பூக்கட்டும் நாருக்கு அடியில், இரட்டை முடிச்சுப் போட்ட பாலித்தீன் பையில், தரைவாடகை ரசீதுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். ஏலதாரரின் ஆள் தினமும் காலையில் வந்து கிழித்துக் கொடுக்கும், உள்ளங்கையில் பாதி அளவுள்ள இளஞ்சிவப்புத் துண்டுகள். பழையவற்றில் மை மங்கி, மாநகராட்சியின் முத்திரை மட்டும் மிஞ்சியிருந்தது. மிகப் பழையது பதினான்கு ஆண்டுக்கு முந்தையது. "எதுக்கும்மா இதையெல்லாம் வச்சிருக்கீங்க?" என்று மாணவி கேட்டதற்கு அவர் சொன்னது அறிக்கையில் அப்படியே இருக்கிறது: "காசு வாங்குனவன் நாளைக்கு வாங்கலேன்னுட்டா என்ன செய்ய, பாப்பா?"

மாநகராட்சியே ஏலம் விட்டு, தரைவாடகை வசூலித்த இடத்தை ஆக்கிரமிப்பு என்று சொல்வது கடினம். அடுத்த இரண்டு வாரங்களில் மாணவியும் நான்கு வியாபாரிகளும் சேர்ந்து ஐம்பத்தெட்டுப் பேர் கொண்ட பட்டியலைத் தயாரித்தார்கள். பெயர், விற்கும் பொருள், இடம், எத்தனை ஆண்டு, ரசீது உண்டா என்று ஐந்து பத்திகள். பட்டியல் நன்றாக இருந்தது. நானும் அதைப் பாராட்டினேன். அதில் இருந்த ஓட்டை அப்போது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

தகவல் கேட்கும் முடிவு

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடுவது என்று முடிவானது. மாணவியின் முதல் வரைவில் 'எங்களை ஏன் அகற்றினீர்கள்?' என்பது முதல் கேள்வி. ஏன் என்ற கேள்விக்குப் பொதுத் தகவல் அலுவலர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் உள்ள ஆவணத்தைத்தான் கேட்க முடியும். ஆகவே அகற்றுவதற்கான நகர விற்பனைக் குழுப் பரிந்துரையின் நகல், முன்னறிவிப்பின் நகல், கைப்பற்றிய பொருள்களின் பட்டியல், கடைசிக் கணக்கெடுப்பில் அந்தச் சாலைக்கான பெயர்ப் பட்டியல், குழுவின் கடைசி இரண்டு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு என்று கேள்விகள் திருத்தப்பட்டன.

யார் பெயரில் போடுவது என்பதில்தான் விவாதம் நீண்டது. அறக்கட்டளை தயங்கியது, மாநகராட்சியோடு சேர்ந்து நடத்தும் வேறொரு திட்டம் அவர்களுக்கு இருந்தது. மாணவி தம் பெயரில் போட முன்வந்தார். நான் அதைத் தடுத்தேன். அக்டோபரில் அவர் தேர்வுக்குப் போய்விடுவார், பதில் அதற்குப் பிறகு வரலாம், மேல்முறையீடு என்றால் இன்னும் நீளும். பருவம் முடிந்ததும் ஊருக்குப் போகிறவரின் பெயரில் இருக்கும் மனு அவரோடு சேர்ந்தே போய்விடும். கடைசியில் பூக்கார அம்மா தம் பெயரில் போடச் சம்மதித்தார். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பதிவஞ்சலில் அனுப்பி, அஞ்சலக ரசீதையும் அதே பாலித்தீன் பையில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு வண்டியும் ஒரு நிபந்தனையும்

மனு போய்ச் சேர்ந்த நாலைந்து நாளில் வார்டு கவுன்சிலரின் ஆள் ஒருவர் கீரைக்கார அம்மாவின் வீட்டுக்கு வந்தார். வண்டியைத் திருப்பி வாங்கித் தருவதாகவும், "அந்தப் பேப்பரை மட்டும் வாபஸ் வாங்கச் சொல்லுங்க" என்றும் சொன்னார். தண்டல் பாக்கி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த வீட்டில் இந்தப் பேச்சு என்ன செய்திருக்கும் என்பதை யாரும் புரிந்துகொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மாலையில் மாணவி தொலைபேசியில் அழைத்து என்ன செய்வது என்று கேட்டார். பொறுத்துக்கொள்ளச் சொல்லும்படி அறிவுறுத்தினேன். ஒருவர் தனியே சமாதானமாகிவிட்டால் மற்ற ஐம்பத்தேழு பேரின் கோரிக்கை வலுவிழக்கும் என்பது என் கணக்கு. அது தவறான அறிவுரை. தண்டல்காரர் என் வாசலில் வந்து நிற்கவில்லை. கூட்டுக் கோரிக்கைக்காக ஒருவர் எவ்வளவு நாள் பசியைத் தாங்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை மேற்பார்வையாளருக்கோ மாணவிக்கோ கிடையாது.

இதைத் தீர்த்தவர்கள் வியாபாரிகள். அவர்கள் கூடக்கூடிய நேரம் இரவு ஒன்பதரை மணிக்குப் பிறகுதான். மாணவி முன்பு இரண்டு முறை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்து, ஆள் வராமல் திரும்பியிருந்தார். இந்த முறை கடைகளை மூடியபின் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். விடுதிக் காப்பாளரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி மாணவியும் போயிருந்தார். பிரிவு 19ஐத் தமிழில் எழுதி அவர் வாசித்ததும், பழவண்டிக்காரர் ஒருவர் கேட்டார்: "இரண்டு நாள்ல குடுக்க வேண்டியதைத்தானே இப்போ குடுக்கறேங்கிறாங்க? அதுக்கு எதுக்கு நாம எழுதிக் குடுக்கணும்?" கூட்டம் அந்த ஒரு கேள்வியில் முடிந்தது. வண்டியை வாங்கிக்கொள்வது, வாபஸ் என்று எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை, போகும்போது ஐந்து பேர் கூடப் போவது.

மறுநாள் வண்டி கிடைத்தது. கைப்பற்றிய நாளிலிருந்து இருபத்து மூன்றாம் நாள். ஒரு சக்கரம் வளைந்திருந்தது. சட்டத்தின் அதே பிரிவை நானும்தான் வாசித்திருந்தேன். திரும்பப் பெறுவதும் மனுவைத் தொடர்வதும் ஒன்றுக்கொன்று இடையூறில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மனு

செப்டம்பர் முதல் திங்களன்று மாவட்ட ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கப்பட்டது. வகுப்பு நாள் என்பதால் மாணவிக்குத் துறைத்தலைவரிடம் தனி அனுமதி வாங்கினோம். பன்னிரண்டு வியாபாரிகள் போனார்கள். பேசியவர் மாணவி மட்டும். அங்கிருந்த அதிகாரி அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, அவரும் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஒருங்கிணைப்பாளர் எடுத்த கைப்பேசிக் காணொளியில் பூக்கார அம்மா பின்னால் நின்று மாணவியின் முதுகையும் அதிகாரியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அவர் சொன்னார்: "நல்லாத்தான் பேசுன பாப்பா. என்ன பேசுனேன்னுதான் எங்களுக்குத் தெரியல." இதை மாணவி மறைக்காமல் அறிக்கையில் எழுதியதற்காக நான் அவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தேன். மனு, நடவடிக்கைக்காக மாநகராட்சி ஆணையருக்கு அனுப்பப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே திரும்பப் போயிற்று.

இதன்பின் இரண்டு மாற்றங்களைச் செய்தோம். முதலாவது, அடுத்த சந்திப்பில் வியாபாரிகளே பேசுவது, மாணவி காகிதத்தை எடுத்துக் கொடுப்பது மட்டும். அதற்காக மண்டபத்தில் மூன்று இரவு ஒத்திகை நடந்தது; மாணவி அதிகாரியாக உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பார். இரண்டாவது, ஆறு பக்க மனுவை ஒரு பக்கக் குறிப்பாகச் சுருக்குவது. இந்த இரண்டாவது வேலை நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. ஒன்பது வரைவு எழுதினார். ஐந்தாவது வரைவுவரை மாநகராட்சி செய்த தவறுகளின் பட்டியலாகவே அது இருந்தது. அதிகாரி அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது பள்ளத்தின் ஓரத்தில் நடந்த ஒரு பேச்சு. வடிகால் பணியைப் பார்த்துவந்த இளநிலைப் பொறியாளரிடம் மாணவி ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மணிநேரம் நின்று பேசினார். ஒரே நேரத்தில் சாலை முழுவதையும் தோண்டப்போவதில்லை, ஒரு பக்கத்தில் சுமார் நூறு மீட்டர் தோண்டிக் கான்கிரீட் போட்டு மூடிய பின்புதான் அடுத்த நூறு மீட்டர் என்று அவர் சொன்னார். மழைக்கு முன் முடிக்கவில்லையென்றால் அந்தத் தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கும், கெட்ட பெயர் தமக்குத்தான் என்றும் சொன்னார், அதுவும் நியாயம்தான். இரண்டு மாதமாக 'மாநகராட்சி' என்று ஒற்றைச் சொல்லில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு, அதற்குள் பொறியாளரின் கவலை வேறு, வருவாய்ப் பிரிவின் கவலை வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தோண்டும் பகுதியில் உள்ளவர்கள் மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு மாறுவது, மூடியதும் திரும்புவது, பள்ளத்தை ஒட்டிக் காலை பத்து மணிக்கு மேல் கடை போடாதிருப்பது, விடுபட்டவர்களுக்குத் துணைக் கணக்கெடுப்பு நடத்துவது என நான்கு வேண்டுகோளோடு ஒன்பதாவது வரைவு முடிந்தது.

விளைவு

தகவல் மனுவுக்கு முப்பது நாளில் பதில் வரவில்லை. மேல்முறையீட்டை எழுதி வைத்திருந்த நிலையில் முப்பத்தேழாம் நாள் பதில் வந்தது. கணக்கெடுப்புப் பட்டியலில் ஐம்பத்தெட்டுப் பேரில் இருபத்திரண்டு பேரின் பெயர் மட்டுமே இருந்தது. முன்னறிவிப்பு, குழுவின் பரிந்துரை, கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் ஆகிய மூன்றுக்கும் எதிரே, 'அவ்வாறான ஆவணம் ஏதும் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று இருந்தது. எங்களிடம் இருந்தவற்றில் அதுவே வலுவான காகிதம்.

அக்டோபர் முதல் வாரத்தில் உதவி ஆணையர் சந்திக்க ஒப்புக்கொண்டார். பேசியவர்கள் பூக்கார அம்மா, பழவண்டிக்காரர், கீரைக்கார அம்மா. பூக்கார அம்மா முதலில் எதுவும் பேசாமல் பாலித்தீன் பையின் முடிச்சை அவிழ்த்து, ரசீதுகளை மேசைமேல் ஆண்டுவாரியாக அடுக்கினார். அதற்கே சில நிமிடம் ஆயிற்று, யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கூட்டம் ஐம்பது நிமிடம் நடந்தது. பகுதிபகுதியாக இடம் மாறுவதை உதவி ஆணையர் அங்கேயே ஏற்றார். துணைக் கணக்கெடுப்பை நகர விற்பனைக் குழுவின் பொருள் நிரலில் சேர்ப்பதாகச் சொன்னார். நவம்பரில் அது சேர்க்கப்பட்டது. கணக்கெடுப்புக்கு அடிப்படையாக எங்கள் பட்டியலையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்த நவம்பரில் மாணவி தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். நேர்முகத் தேர்வில் புறத்தேர்வாளர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, மொத்தம் எத்தனை மணிநேரம் களத்தில் இருந்தார் என்பது.

விடுபட்ட ஏழு பேர்

ஜனவரியில் துணைக் கணக்கெடுப்பு நடந்தபோது ஐம்பத்தெட்டுப் பேரும் பதிவானார்கள். வடிகால் மூடப்பட்டு, நடைபாதையில் வரிசையாக மஞ்சள் கோடு போட்டு இடம் பிரிக்கப்பட்டது. அதன்பின் வந்த ஒரு திங்கட்கிழமை, முதல் பேருந்தில் கிராமங்களிலிருந்து வந்து இறங்கிய பெண்கள் ஏழு பேர், கூடையை இறக்கி வைக்க இடமில்லாமல் நின்றார்கள். சந்தை நாள்களான திங்களும் சனியும் மட்டும் வந்து, கீரை, கொய்யா, பனங்கிழங்கு, நாட்டு முட்டை விற்றுவிட்டு உச்சிக்குள் ஊர் திரும்புகிறவர்கள். அவர்களில் நான்கு பேர் பூக்கார அம்மாவைவிடப் பழையவர்கள்.

எங்கள் பட்டியலில் அவர்கள் இல்லை, ஏனென்றால் பட்டியல் எடுத்த நாள்கள் வியாழனும் வெள்ளியும். உடன் உழைத்த நான்கு வியாபாரிகளும் அவர்களைச் சொல்லவில்லை. கேட்டபோது, "அவங்க ஊர்க்காரங்கதானே, கடைக்காரங்க இல்லையே" என்றார்கள். இடம் குறைவு என்பதும் அதற்குள் ஒளிந்திருக்கலாம். மாணவியும் ஒருங்கிணைப்பாளரும் நானும் அந்தச் சாலையில் திங்கட்கிழமை ஒருமுறைகூட நின்றதில்லை. மனுக் கொடுத்த திங்களன்றும் ஆட்சியர் அலுவலகத்துக்கு நேராகத்தான் போனோம்.

நாங்கள் பட்டியல் எடுக்கும்வரை இந்த ஏழு பேரின் இடத்துக்குப் பிரச்சினை இல்லை. நாங்கள் எடுத்த பட்டியல் அலுவலகப் பட்டியலாகி, மஞ்சள் கோடாகி, அவர்களை வெளியே நிறுத்தியது. சட்டத்தில் உள்ள வரையறை தினமும் விற்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் சான்றிதழுக்கான பிரிவு 5, வேறு வாழ்வாதாரம் இல்லை என்று உறுதிமொழி கேட்கிறது. இவர்களில் பலர் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள், சிலருக்குக் குத்தகை நிலம் கொஞ்சம் உண்டு. அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடச் சொல்வது சரியா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. பொய் உறுதிமொழியின் சுமை அவர்கள் தலையில்தான் விழும். வாரம் இரண்டு நாள் விற்பவர்களுக்கென நேரம் பகிர்ந்துகொள்ளும் இடங்களை விற்பனைத் திட்டத்திலேயே ஒதுக்கக் கேட்பது ஒரு வழி என்று இப்போது முயன்றுவருகிறோம்.

பயிற்சியில் மாற்றியவை

துறையில் செய்த முதல் மாற்றம் கால அட்டவணையில். கொள்கைப் பணியை விரும்பி எடுக்கும் மாணவர்கள் முதல் மாதத்தில் வாரத்துக்கு வெவ்வேறு இரண்டு நாள்களில் களத்துக்குப் போக வேண்டும். ஒரு சனிக்கிழமையும் ஓர் இரவும் கட்டாயம். மற்ற ஆசிரியர்களின் பாடவேளையோடு மோதும் என்பதால் இதற்கு எதிர்ப்பு வந்தது. இரண்டு துறைக் கூட்டங்கள் பேசி, ஓராண்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு ஏற்கப்பட்டது.

அடுத்தது, பட்டியல். எந்தப் பட்டியலின் அடியிலும் எந்த நாள்களில், எந்த நேரத்தில், யாரோடு சேர்ந்து எடுக்கப்பட்டது என்றும், யார் விடுபட்டிருக்கக்கூடும் என்றும் எழுதாமல் அதை வெளியே கொடுக்கக் கூடாது. உதவி ஆணையர் கேட்டவுடன் பெருமையோடு தூக்கிக் கொடுத்தோம். அதில் இந்த நான்கு வரி இருந்திருந்தால் ஜனவரிக் கணக்கெடுப்பு ஒரு திங்களன்றும் நடந்திருக்க வாய்ப்புண்டு.

பருவத்தோடு வேலை அறுந்துபோவதற்கு முழுத் தீர்வு கிடைக்கவில்லை. பிரியும் மாணவர் தம் பொறுப்பில் உள்ள மனுக்கள், அவற்றின் கெடு நாள்கள், சந்தித்த அலுவலர்களின் பதவி ஆகியவற்றை அடுத்த தொகுதி மாணவரிடம் களத்திலேயே வைத்து ஒப்படைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மனுவைப் பாதிக்கப்பட்டவர் பெயரில் போடும் முடிவை இப்போதும் மாற்ற மாட்டேன். மதிப்பெண்ணில், மணிநேரத்துக்கு இருந்த எடையைக் குறைத்து, ஒரு பக்கக் கொள்கைக் குறிப்புக்கும் சட்டப் பிரிவை எளிய தமிழில் எழுதுவதற்கும் சேர்த்திருக்கிறோம். சமூகப்பணிக் கல்விக்கெனச் சட்டப்படியான தனி மன்றம் இந்தியாவில் இல்லாத நிலையில், இப்படிப்பட்ட மாற்றங்கள் அந்தந்தத் துறையின் விருப்பத்தைப் பொறுத்தவையாகவே இருக்கின்றன. அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்விக் குழுவின் அங்கீகாரத் தரங்கள் கொள்கைப் பணியைத் தனித்திறனாகவே வைத்திருப்பதைத் துறைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன்.

அந்த மாணவி படிப்பை முடித்து, தொழிலாளர் நலம் சார்ந்த ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அந்தச் சாலைக்கு இந்த ஆண்டு வேறொரு மாணவர் போகிறார், திங்களும் சனியும். ஏழு பேரில் ஐந்து பேரை அவர் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ஒருவர் உடல்நலமின்றி வியாபாரத்தை விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள்; இன்னொருவரின் ஊர் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஐந்து பேரின் விண்ணப்பமும் நகர விற்பனைக் குழுவின் முன் நிலுவையில் இருக்கிறது. அதுவரை பூக்கார அம்மா தமக்குரிய மஞ்சள் கட்டத்தில் பாதியைத் திங்கள்தோறும் அவர்களில் இருவருக்கு விட்டுக்கொடுக்கிறார்.